பொடிசுப் பத்தி

ஜனவரி 12

சின்னவளுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இல்லையென்றால் கடிதம் திரும்பி வரும், அப்போது தெரிந்துகொள்கிறேன்.

உன் அக்கா போன பிறகு நமக்குள் கடிதப் போக்குவரத்து கிடையாது. அதற்கு யார் காரணம் என்று இப்போது பேச வேண்டாம். ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன்.

நான் பாறையில் கொட்டலசு எண்ணுவது உனக்குத் தெரியும். தெரியாதது போல நடிப்பாய் என்பதால் விளக்கிவிடுகிறேன். கடலோரப் பாறையிலும் படகின் அடிப்பக்கத்திலும் வெள்ளையாக, குட்டி எரிமலை போல, தொட்டால் விரலைக் கிழிக்கும்படி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பார்த்தால் கல் என்று நினைப்பாய். உள்ளே உயிர் இருக்கிறது. படகுப் பட்டறைக்கு அப்பால் உள்ள பாறையில் ஓர் அடிக்கு ஓர் அடியாக ஒரு சதுரம் குறித்து, நான்கு மூலையிலும் செம்பு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை தண்ணீர் நன்றாக இறங்கும் நாளில் போய் எண்ணுகிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு மாதமும் தவறியதில்லை. நோட்டில் இரண்டு பத்தி. வளர்ந்தவை ‘பெரிசு’, புதிதாக ஒட்டியவை ‘பொடிசு’.

இப்போது விஷயம். இருபத்து மூன்று மாதமாகப் பொடிசு பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. காரணம் பக்கத்திலுள்ள படகுப் பட்டறை. படகில் கொட்டலசு ஒட்டக்கூடாது என்று அடியில் ஒரு பெயின்ட் பூசுகிறார்கள். கழுவிய தண்ணீரை நேராகக் கடலில் விடுகிறார்கள். அந்த விஷம் குஞ்சுகளைத் தின்றுவிட்டது. நான் புகார் எழுதினேன். கடல் ஆய்வு நிலையத்தில் என் கணக்கை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் 20 அன்று விசாரணை. பட்டறைக்கு உரிமம் தொடருமா, பூட்டா என்பது அன்று முடிவாகும். இந்தக் கரையில் இத்தனை வருடக் கணக்கு வேறு யாரிடமும் இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவன் கணக்கைப் படித்தவர்கள் கையில் வைத்துக்கொண்டு பேசப்போகிறார்கள்.

ஒரே ஒரு குறை. எட்டாம் வருட நோட்டு கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டது. உன் அக்கா உனக்கு மாதாமாதம் எழுதுவாள் அல்லவா, அதில் எண்ணிக்கையையும் எழுதும் பழக்கம் அவளுக்கு உண்டு. அந்த வருடக் கடிதங்கள் உன்னிடம் இருந்தால் எண்களை மட்டும் எடுத்து அனுப்பு. மற்ற எதுவும் எனக்குத் தேவையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தான்


ஜனவரி 30

அத்தானுக்கு,

கடிதம் திரும்பி வரவில்லை, பார்த்தீர்களா. இருக்கிறேன். இடுப்பு மட்டும் மழைக்கு முன்னால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நீங்கள் நலம்தானா?

தையல் கடை வாசலில் தபால்காரர் உறையை நீட்டியதும் முதலில் முத்திரையைத்தான் பார்த்தேன். உங்கள் ஊர் முத்திரை பார்த்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அப்புறம் நினைத்துக்கொண்டேன், போவதற்கு அங்கே நீங்கள் ஒருவர்தான் பாக்கி, கையெழுத்தும் உங்களுடையது, ஆகவே பயமில்லை.

யார் காரணம் என்று பேச வேண்டாம் என்கிறீர்கள். சரி, பேசவில்லை. அக்கா போன மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நீங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு பாறைக்குக் கிளம்பினீர்கள். “எங்க போறீங்க அத்தான்?” என்று கேட்டேன். “தண்ணி இறங்கற நாள்” என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைதான். திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் இருந்தேன். பேச வேண்டாம் என்றதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. துணிப்பெட்டிக்கு அடியில், வருடம் வருடமாக நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் போன பிறகு பிரிக்கவில்லை. பிரிக்கத் தைரியம் வரவில்லை என்பதை உங்களிடம் சொல்வானேன். பள்ளிக்கூடச் சீருடை வேலை முடியட்டும், எடுத்துப் பார்க்கிறேன்.

பட்டறையைப் பூட்டினால் அங்கே வேலை பார்ப்பவர்கள் எங்கே போவார்கள்? கேட்டுத்தான் வைக்கிறேன்.

உங்கள் எழுத்து முன்பு எறும்பு வரிசை மாதிரி இருக்கும். இப்போது ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிறது. தாள் மலிந்துவிட்டதா?

சின்னவள்


பிப்ரவரி 8

சின்னவளுக்கு,

உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு ஒன்றுமில்லை. பேனாவின் முள் மழுங்கிவிட்டது, அதனால் எழுத்து பெரிதாக விழுகிறது.

மூன்றாம் நாள் விஷயத்தை இரண்டு வருடம் பெட்டியில் வைத்திருந்து எடுத்திருக்கிறாய். கடல் யார் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்து இறங்குவதில்லை. அன்று விட்டால் அடுத்த மாதம்தான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவள் எழுந்து வந்திருப்பாளா? வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் அழுகிறேனா என்று பார்த்தார்கள். பாறையில் யாரும் பார்ப்பதில்லை. இதற்கு மேல் விளக்கம் கிடையாது. அன்றுதான் முதல் தடவையாகப் பொடிசு பூஜ்யம் போட்டேன். தேதி நோட்டில் இருக்கிறது.

பட்டறை ஆட்களுக்காக உருகுகிறாய். முப்பத்தொரு வருடம் அதே பட்டறையில் படகின் அடியில் மல்லாந்து படுத்து, சுரண்டியால் கொட்டலசைச் சுரண்டினேன். கண்ணில் விழும், வாயில் விழும், கையெல்லாம் கீறல். ஒருநாள் தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரம் வந்தது. முதலாளி மகன் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து வர வேணாம்” என்றான். அவன் பிறந்தபோது இனிப்பு வாங்கித் தின்றவன் நான். எனக்காக அன்று யார் உருகினார்கள்?

சுரண்டிய காலத்தில் அதை எதிரி என்றே நினைத்தேன். வேலை போன பிறகுதான் அது என்ன பிராணி என்று நூலகத்தில் போய்ப் படித்தேன். நாய் பூனை போல நினைக்காதே. முட்டையிலிருந்து வந்தவுடன் கடலில் நீந்தித் திரியும். ஒரு பருவம் வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இடம் தேட ஆரம்பிக்கும். பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். தன் இனம் ஏற்கெனவே குடியிருக்கிற இடமாகப் பார்த்து, தலையைக் கீழே வைத்துப் பசைவிட்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாகிறவரை அந்த இடம்தான். தலைகீழாக நின்றபடி காலால் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடும். தண்ணீர் இறங்கிவிட்டால் கதவை இறுக்கி மூடி, உள்ளே ஒரு மிடறு கடலை வைத்துக்கொண்டு காத்திருக்கும். தள்ளிப்போய் ஒற்றையாக ஒட்டியதுகூட வளரும், நன்றாகவே வளரும். ஆனால் எட்டும் தூரத்தில் இன்னொன்று இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்குச் சந்ததி இல்லை.

எண்ணும் முறை இது: மரச்சட்டத்தில் நூல் கட்டி இருபத்தைந்து கட்டம். அதைப் பாறை மேல் வைத்து நான் கட்டம் கட்டமாக எண்ணிச் சொல்வேன், உன் அக்கா எழுதிக்கொள்வாள். கடைசியில் ஒருமுறை அவள் சரிபார்ப்பாள். இப்போது எழுதுவதும் நான்தான்.

நிலையத்து அம்மா நல்ல மாதிரி. ஆனால் தன் ஆளை அனுப்பிச் சதுரத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். முடியாது என்றேன். இருபத்திரண்டு வருடம் யாரும் வரவில்லை, இப்போது என்ன சோதனை? ஆணி எங்கே இருக்கிறது என்று நான் சொன்னால்தானே தெரியும்.

எண்களை அனுப்பு.

அத்தான்


மார்ச் 2

அத்தானுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் தேவலை. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்டால் பேனாவின் உடம்பைச் சொல்கிறீர்கள்.

தலைகீழாக நின்று காலால் சாப்பிடும், இடத்தை விட்டு நகராது, கதவை மூடிக்கொள்ளும் என்று படித்தபோது எனக்குத் தெரிந்த ஒருவர் ஞாபகம் வந்தார். கடைப்பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். “அக்கா, இது உங்க அத்தானைப் பத்தியா எழுதியிருக்கு?” என்றாள்.

எட்டாம் வருடக் கட்டைப் பிரித்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அவள் எழுதியது எழுதியபடியே எடுத்து அனுப்புகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

ஜனவரி: இன்று அவர் 397. நான் 1,140.
பிப்ரவரி: அவர் 402. நான் 1,015. காற்று அதிகம், நூல் ஆடிக்கொண்டே இருந்தது.
மார்ச்: அவர் 388. நான் 760. 
ஏப்ரல்: அவர் 391. நான் 212. வெயிலில் நிறைய செத்துவிட்டன. பார்க்கவே பாவமாக இருந்தது.
மே: அவர் 394. நான் 95.

மீதி ஏழு மாதம் தனித்தாளில் இருக்கிறது.

நான் முன்பெல்லாம் அவள் கடிதம் வந்தால் வீட்டு விஷயத்தைப் படித்துவிட்டு இந்த எண்களைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போதுதான் நின்று பார்க்கிறேன். மற்ற வருடக் கட்டுகளையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னவள்


மார்ச் 15

சின்னவளுக்கு,

எண்கள் வந்தன. பிரதி எடுத்து நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். கணக்கு இப்போது முழுமை. உனக்கு என் நன்றி உண்டு. அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல மாட்டேன்.

‘அவர்’, ‘நான்’ என்று அவள் எழுதியிருப்பதை நிலையத்துக்கு அனுப்பும்போது ‘பெரிசு’, ‘பொடிசு’ என்று மாற்றிவிட்டேன். பென்சில் அவள் கையில் இருந்ததால் ‘நான்’ என்று எழுதியிருக்கிறாள். வீட்டுப் பேச்சுக்கு அது போதும்.

இந்த மாதம் பெரிசு 409. பொடிசு பூஜ்யம். இருபத்தைந்தாவது மாதம்.

பட்டறையில் பெயின்ட் அடிக்கும் ஒல்லிக்குச்சி என்னை வழியில் நிறுத்தினான். “என்ன பெரியவரே, எங்க வயித்துல அடிக்கிறதுக்கு நாள் குறிச்சாச்சாமே?” என்றான். “நான் குறிக்கலை, கொட்டலசு குறிச்சது” என்றேன். சிரித்தான். சிரிப்பு கொஞ்சநேரம்தான் நின்றது. பதினோரு பேர் இருக்கிறார்களாம். எல்லாரும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் யாரும் சொன்னதில்லை.

பாசியில் ஒருமுறை சறுக்கினேன். முழங்காலில் சிராய்ப்பு. ஒன்றுமில்லை. செருப்பு தேய்ந்துவிட்டது.

நிலையத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கப் போகிறார்கள். ‘தனி ஒருவரின் இருபத்திரண்டு வருடக் கணக்கு’ என்று முன்பக்கத்தில் வரும் என்று நிலையத்து அம்மா சொன்னார். நீ பட்டனும் காஜாவுமாகவே வாழ்ந்துவிட்டாய், இதெல்லாம் உனக்குப் பெரிதாகத் தெரியாது. வந்தால் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 6

அத்தானுக்கு,

முழங்கால் ஆறிவிட்டதா? செருப்பு தேய்ந்தது, பேனா மழுங்கியது. உங்கள் வீட்டில் உங்களைத் தவிர எல்லாமே பழுதாகிறது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இனிச் சுற்றி வளைக்கவில்லை.

எல்லாக் கட்டையும் படித்துவிட்டேன். பென்சில் கையில் இருந்ததால் அவள் ‘நான்’ என்று எழுதவில்லை அத்தான். பொடிசு எண்ணியது அவள். முதல் வருடத்திலிருந்து அவள்தான். கேளுங்கள், மூன்றாம் வருடத்தில் எழுதுகிறாள்: “அவருக்குப் பெரிசுதான் கண்ணில் படுகிறது. கசகசா மாதிரி இருப்பதைக் காட்டினால் ‘மணல்’ என்கிறார். அவர் சுருட்டுப் பிடிக்க அந்தப் பக்கம் போகும்போது பூதக்கண்ணாடி வைத்து நான் எண்ணி முடித்து நோட்டில் போட்டுவிடுவேன். திரும்பி வந்து ‘சரிபாத்தியா?’ என்பார். ‘பாத்தாச்சு’ என்பேன்.”

பதினாறாம் வருடத்தில்: “இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது ‘உன் பக்கம் எத்தனை?’ என்று கேட்டால் நன்றாக இருக்கும். கேட்க மாட்டார். பரவாயில்லை, பொடிசுக்கும் எனக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது.”

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. இன்னொன்றை யோசித்தேன், அதற்காக எழுதுகிறேன். இருபத்தைந்து மாதமாகப் பொடிசு இல்லை என்கிறீர்கள். பெரிசோ குறையவே இல்லை. 409 என்கிறீர்கள். வருடா வருடம் கொஞ்சம் சாகும் என்று அவளே எழுதியிருக்கிறாள். பொடிசு இல்லாமல் அந்த இடத்துக்குப் புதுப் பெரிசு எங்கிருந்து வருகிறது? கடைக்கு வந்த ஒரு ரவிக்கையின் கொக்கியைத் தைத்துக்கொண்டிருக்கும்போது இது தோன்றியது. ஊசியை வைத்துவிட்டேன்.

பொடிசு போகவில்லை. எண்ணியவள்தான் போய்விட்டாள். உங்களுக்கு அன்றும் அது தெரியவில்லை, இன்று இன்னும் மோசம். உங்கள் எழுத்தின் அளவைப் பார்த்தாலே தெரிகிறது. தயவுசெய்து கண் டாக்டரிடம் போங்கள். வழுக்கும் பாறையில் தனியாக ஏறாதீர்கள்.

பதினோரு பேர் அத்தான். உங்களை அனுப்பிய மாதிரி அவர்களையும் அனுப்பிவிடப் போகிறீர்களா?

சின்னவள்


ஏப்ரல் 14

தையல்காரிக்கு,

பூஜ்யம் என்றால் பூஜ்யம். கடலை இரண்டு தடவை பார்த்தவள் எனக்குக் கொட்டலசு சொல்லித்தர வேண்டாம். பெரிசு ஏழு எட்டு வருடம்கூட இருக்கும். அதனால் குறையவில்லை.

அவள் உனக்கு எழுதியது அவளுக்கும் உனக்கும். அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரிக்க உனக்கு உரிமை இல்லை. எண்களை மட்டும்தான் கேட்டேன்.

இனி எழுத வேண்டாம். நலம் விசாரிக்கவும் வேண்டாம்.

(கையெழுத்து)


மே 21

அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். எனக்கும் அதே வீட்டுப் பிடிவாதம்தான், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எங்களிடம் இருந்தது.

முப்பத்தேழு நாளாகிறது. எண்ணும் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

பயப்பட வேண்டாம், நிலையத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை. விலாசம் தெரியும். உறையும் வாங்கிவைத்தேன். அப்புறம் அந்த உறையில் மின்சாரக் கட்டணச் சீட்டைப் போட்டு வைத்துவிட்டேன். இது நான் சொல்ல வேண்டிய விஷயமில்லை. அவள் இருபது வருடம் சொல்லவில்லை. அவளைத் தாண்டி நான் சொன்னால் அவளுக்குத்தான் அவமானம்.

உரிமை இல்லை என்றீர்களே, அது சரிதான். ஆனால் அவள் எனக்கு எழுதியதைத் தவிர அவளுடையது வேறெதுவும் என்னிடம் இல்லை. நீங்கள் மூன்றாம் நாளே கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் அந்தக் கட்டுகளைத்தான் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை இல்லை. ஒன்றிரண்டு படிப்பேன். கீழே தெருவில் போகிறவர்கள் மேலே விளக்கு எரிவதைப் பார்த்து நான் பாக்கி வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முழங்கால் என்ன ஆயிற்று என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். எண்ணிக்கை வேண்டாம்.

சின்னவள்


ஜூன் 5 (அஞ்சலட்டை)

சின்னவளுக்கு,

முழங்கால் ஆறிவிட்டது. விசாரணை சொன்னபடி 20ஆம் தேதி. நிலையத்து வண்டி வந்து அழைத்துப் போகும். போகிறேன். மற்றதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அத்தான்


ஜூன் 24

சின்னவளுக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? மழை வந்துவிட்டதே, சேதி சொல்லியிருக்கும்.

இது நீளமான கடிதம். நாலு தாள் தாண்டும். பேனா மேல் இனிப் பழி போட முடியாது.

விசாரணைக்கு ஆறு நாள் முன்னால் தண்ணீர் நன்றாக இறங்கியது. வழக்கம்போலச் சட்டத்தை வைத்து எண்ணினேன். பெரிசு 411. பொடிசுப் பத்தியில் பூஜ்யம் போட்டேன். உன் கடிதம் குறுக்கே வந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே ஆட்காட்டி விரலால் பாறையைத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது. முப்பத்தொரு வருடம் சுரண்டி பிடித்த விரல், தோல் செத்துவிட்டது. சூடான பாத்திரத்தையே தூக்குவேன், உனக்குத் தெரியும்.

அப்புறம் நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை. முட்டிபோட்டுக் குனிந்து கன்னத்தைப் பாறையில் வைத்தேன். ஈரமாகக் குளிர்ந்தது. பெரிசு இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக் கொஞ்சம் நகர்த்தினேன். உரசியது. கல் உரசுவது போல இல்லை. உப்பைப் பொடித்துத் தூவினது போல, ஒவ்வொன்றாக, நெருக்கமாக. அடுத்த கட்டத்திலும் அப்படியே. மணல் என்றால் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இது வரவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. தண்ணீர் திரும்பி வந்து வேட்டி நனைந்த பிறகுதான் எழுந்தேன். கன்னத்தில் இரண்டு கீறல். ஒல்லிக்குச்சி பார்த்துவிட்டு, “யாரு பெரியவரே அடிச்சது?” என்றான். “உன் வேலையைப் பாரு” என்றேன்.

ஆறு நாள் யாரிடமும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை என்பது வேறு விஷயம். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒருநாள் நினைத்தேன். நான் போகாவிட்டாலும் நோட்டு போகும். நோட்டில் இருபத்தெட்டு பூஜ்யம் என் கையால் போட்டது இருக்கிறது.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. அதிகாரி, நிலையத்து அம்மா, முதலாளி மகன், பின்வரிசையில் பட்டறை ஆட்கள் பதினோரு பேரும். வேலைக்கு வருவது போலக் குளித்து வாரிச் சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். நிலையத்து அம்மா என் கணக்கைப் பற்றி நல்லபடியாகப் பேசிவிட்டு, “நீங்களே சொல்லுங்க ஐயா” என்று உட்கார்ந்தார்.

நான் எழுந்து, “பெரிசுக் கணக்கு சரி. பொடிசுக் கணக்கு என்னோடது இல்லை” என்றேன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. “பின்ன யாரோடது?” என்றார்.

“என் வீட்டுக்காரியோடது.”

“அப்ப அவங்கள வரச் சொல்லுங்க.”

“வர முடியாது. போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவ போன மூணாம் நாள்லேர்ந்து அந்தப் பத்தியை யாரும் எண்ணலை. எண்ணாத இடத்தை வெறுமனே விட்டிருக்கணும். நான் பூஜ்யம் போட்டுட்டேன்.”

முதலாளி மகன் எதையோ சொல்ல எழுந்தான். அவனையும் விடவில்லை. “நீ உட்காரு. உன் பெயின்ட் விஷம்னு நான் சொன்னது சொன்னதுதான். அதை இவங்க எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். என் பூஜ்யத்தை வெச்சு உன்னைப் பூட்ட வேணாம்னுதான் சொல்றேன்” என்றேன். உட்கார்ந்துவிட்டான். இருபத்திரண்டு வருடமாக நான் சொல்ல நினைத்ததில் ‘உட்காரு’ மட்டும்தான் சொல்ல முடிந்தது.

உரிமத்தை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். நிலையத்திலிருந்து ஆள் வந்து தனியாக எண்ணுவார்கள். ஆணி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன். பட்டறை ஆட்களில் யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது வணக்கமும் சொல்வதில்லை. முன்பு இருந்தபடியே இருக்கிறது, அதுவே தேவலை.

புத்தகம் வரும். பொடிசுப் பத்தி அவளோடது என்று போடுவார்கள். எந்தப் பெயர் முதலில் என்று கேட்டார்கள். நோட்டில் பெரிசு முதல் பத்தி, பொடிசு இரண்டாம் பத்தி, அந்த வரிசையிலேயே போடுங்கள் என்றேன். நீ சண்டைக்கு வருவாய். வா.

‘எத்தனை?’ என்று நான் கேட்கவில்லை என்று அவள் எழுதியது உண்மை. என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்பது எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை. அவள் கேட்டிருந்தால் நானும் கேட்டிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று இப்போது நீ சொல்வாய். தெரியும்.

கடிதங்களில் என்னைப் பற்றி வேறு என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம். படித்தால் பதில் சொல்லத் தோன்றும், பதிலை அனுப்ப விலாசம் இல்லை. உன்னிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை படிக்கும்போது கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

டாக்டரிடம் போகச் சொன்னாய். அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

இந்த மாதத்து நோட்டைத் திருத்தி எழுதினேன். அப்படியே கீழே தருகிறேன்.

பெரிசு: 411.
பொடிசு: எண்ண ஆள் இல்லை.

அடுத்து தண்ணீர் நன்றாக இறங்குவது ஜூலை 13, காலை ஏழே முக்கால். முதல் நாள் மாலை பஸ் ஏறினால் விடியும்போது இங்கே இறங்கலாம். தகவலுக்காக எழுதுகிறேன்.

அத்தான்